எங்கள் கரையின் கதைகள்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

இம்மேடையிலே வழக்கமாகச் சமயப் பெரியார்களின் சரித்திரமும் நன்னெறியும் பேசப்படும். எனக்கு விழாக் குழுவினர் தந்த பொருளோ 'இணையமும் சிறுகதையும்' என்பது. தலைவர் அவர்கள் அதை அறிவித்தபோது முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். "இரவு பகலாகக் கைத்தொலைபேசியில் முகம் புதைத்துக் கிடக்கும் பிள்ளைகளைத் திருத்துவதை விட்டு, அதற்கு வக்காலத்து வாங்கவா இந்தப் பொடியனைக் கூப்பிட்டார்கள்?" என்று அவர்கள் நினைத்திருந்தால் அதிற் பிழையில்லை. எங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வி நாள்தோறும் கேட்கப்படுகிறது.

ஆனாலும் ஒன்று சொல்ல அனுமதி தாருங்கள். 1950ஆம் ஆண்டு முதல் 1954ஆம் ஆண்டு வரை 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது, கடல் கடந்து வந்த அந்தப் பத்திரிகைக்காக நம் நாட்டவர் வாரந்தோறும் காத்திருந்தனர். ஒருவர் காசு கொடுத்து வாங்குவார். அயலில் உள்ளவர்கள் எல்லோரும் வாசிப்பார்கள். ஒருவர் வாசிக்க, எழுத்தறியாத கிழவிமார் சுற்றியிருந்து கேட்பார்கள். பிறகு அப்பக்கங்களைக் கிழித்தெடுத்து, ஊசி நூலாற் தைத்து, மட்டை போட்டுக் கட்டிவைப்பார்கள். அக்காலத்திலும் 'கதைப் புத்தகம் வாசித்தாற் படிப்புக் கெடும்' என்று சொன்ன தகப்பன்மார் இருந்தார்கள். அந்தத் தகப்பன்மாருக்குத் தெரியாமல் வாசித்தவர்கள்தாம் இன்று முன்வரிசையில் இருக்கிறார்கள் என்பது என் ஊகம். (சிரிப்பு.)

நான் மிஷன் பாடசாலையிற் படித்தவன். அங்கே வாரத்தில் ஒரு பாடவேளை வாசிகசாலைக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. எங்களுக்குப் பொறுப்பாயிருந்த கன்னியாஸ்திரியார், எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் எழுதியவர் யார், அச்சிட்டவர் யார், எந்த ஆண்டு என்பதைக் கொப்பியில் எழுதிவிட்டே கதைக்குள் நுழைய வேண்டும் என்பார். அப்பொழுது அது எங்களுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. இன்றைய பேச்சுக்கு நான் பிடித்துக்கொண்டிருக்கும் நூல் அந்தத் தொல்லைதான். அதற்குப் பின்னர் வருகிறேன்.

இணையத்திலே தமிழ் வந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1998ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' என்ற பணி தொடங்கிற்று. சுவிற்சர்லாந்திலே இரசாயன ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த கலாநிதி கு. கல்யாணசுந்தரம் அவர்கள் அதனை முன்னின்று நடத்தினார். உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள், தத்தம் தொழில் முடிந்த பின் இரவிலே இருந்து, பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சுச் செய்தார்கள். ஒருவர் தட்டச்சுச் செய்ததை இன்னொருவர் பிழை திருத்தினார். ஒருவருக்கும் சம்பளம் இல்லை. வாசிப்பவருக்கும் கட்டணம் இல்லை. பின்னர் 'திண்ணை', கனடாவிலிருந்து வ. ந. கிரிதரன் நடத்தும் 'பதிவுகள்' போன்ற இணைய சஞ்சிகைகள் தோன்றின. புதுமைப்பித்தன், மௌனி, கு. ப. ராஜகோபாலன், கு. அழகிரிசாமி ஆகியோரின் கதைகளைத் தேடித் தேடி ஓரிடத்திற் சேர்த்த 'அழியாச் சுடர்கள்' என்ற தளம், என்னைப் போன்ற எத்தனையோ பேருக்கு வாசிகசாலையாக இருந்தது. புதுமைப்பித்தனின் தொகுதியொன்றை வாங்க நான் திருமலைக்குப் பஸ் ஏறிப் போய் வெறுங்கையோடு திரும்பியதுண்டு. அதே இரவில் அவருடைய கதைகள் பதினைந்தை நான் படுக்கையிலிருந்தபடியே வாசித்தேன்.

நம் நாட்டுக்கு வருவோம். 2005ஆம் ஆண்டிலே 'நூலகம்' என்ற திட்டத்தை தி. கோபிநாத், மு. மயூரன் என்ற இரு இளைஞர்கள் தொடங்கினார்கள். ஈழத்துத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், விழா மலர்கள் என்று அச்சில் வந்த எதையும் படம்பிடித்து எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கச் செய்வதே அதன் நோக்கம். இன்று அது ஒரு நிறுவனமாக வளர்ந்து பல்லாயிரக்கணக்கான ஆவணங்களைக் காத்து நிற்கிறது. ஏன் இப்படியொரு வேலை வேண்டியிருந்தது என்பதை இச்சபைக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருப்பது இல்லாமற்போவதற்கு ஒரு தீக்குச்சி போதும் என்று நாம் கற்றுக்கொண்ட பாடம் அது.

இதைப் புதிய வேலை என்று எண்ணிவிடாதீர்கள். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்றவர். சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். அவரும் மிஷன் பாடசாலைப் பிள்ளைதான் என்பதில் எனக்கு ஒரு சிறு பெருமை. அவர் ஊரூராய் அலைந்து, தொட்டால் ஒடியும் ஏடுகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றினார். ஓலையிலிருந்து கடதாசிக்கு அவர் கொண்டுவந்தார். கடதாசியிலிருந்து கணினிக்குக் கொண்டுவருவோர் அவருடைய வேலையின் அடுத்த படியைச் செய்கின்றனர். அவர் செய்ததற்கு மகத்தான புலமை வேண்டும். இதற்குப் பொறுமை போதும். ஆகையால் இதை நாமும் செய்யலாம்.

இப்பொழுது 'நூலக'த்துக்குள் நுழைந்தால் என்ன கிடைக்கும்? நா. பொன்னையா அவர்கள் 1930ஆம் ஆண்டிலே தொடங்கி, 1958 வரை நடந்த 'ஈழகேசரி'யின் பழைய பக்கங்களைப் பார்க்கலாம். இலங்கையர்கோன், சம்பந்தன், சி. வைத்தியலிங்கம் ஆகிய ஈழத்துச் சிறுகதை முன்னோடிகளைச் சந்திக்கலாம். யாழ்ப்பாணத்திலே ஒரு சலூனில் உழைத்துக்கொண்டு, தானே எழுதி, தானே அச்சுக்கூடம் போய், தானே கக்கத்திற் சுமந்து தெருத் தெருவாய் விற்று, 1966ஆம் ஆண்டு முதல் டொமினிக் ஜீவா அவர்கள் நடத்திய 'மல்லிகை'யின் இதழ்களைப் புரட்டலாம். ஏறக்குறைய நானூறு இதழ்கள்! இவற்றையெல்லாம் வாங்கிச் சேர்க்க நம் ஊரில் எந்தக் குடும்பத்தால் முடியும்? ஓரளவு வசதியுள்ளவர் வாங்கினாலும் வைக்க அலுமாரி ஏது?

செலவைப்பற்றியும் ஒரு வார்த்தை. தட்டச்சுச் செய்த சிறுகதை ஒன்று, சாதாரண நீளமாயின், நூறு கிலோபைற்றுக்குள் அடங்கும். நாம் பார்த்துச் சிரித்துவிட்டு மறந்துபோகும் ஒரு நிமிடச் சலனப்படம் அதைப்போலப் பல மடங்கு டேற்றாவைத் தின்றுவிடுகிறது. 'டேற்றா முடிந்துவிட்டது' என்று அம்மாவிடம் காசு கேட்கும் தம்பிமார் இக்கணக்கை மனத்தில் வைத்தல் நன்று.

சென்ற ஆண்டிலிருந்து நாங்கள் சில பேர், போயா தினங்களிற் பின்னேரப் பூசை முடிந்தபின், கோயில் வெளிமண்டபத்தில் இருந்து ஒரு கதையை உரத்து வாசித்து வருகிறோம். ஒரு கைத்தொலைபேசி, ஆளுக்கு ஒரு பக்கமாகக் கை மாறும். முதல் மாதம் ஏழு பேர். அவர்களில் இரண்டு பேர் பிரசாதத்துக்காக நின்றவர்கள். மூன்றாம் மாதம் நாங்கள் வாசித்தது மூதூர் வ. அ. இராசரத்தினம் அவர்களின் 'தோணி'. தனக்கென்று ஒரு தோணி வேண்டுமென்ற ஏக்கத்தோடு வளரும் ஒரு மீனவப் பிள்ளையின் கதை அது. இக்கதையையும் தன்னுட் கொண்டு, இதே பெயரில் 1962ஆம் ஆண்டில் வந்த தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. கதையை முழுக்கச் சொல்லி வாசிக்கப்போகிறவர்களின் சுவையைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை.

அன்று வலை தைத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், வேலையை நிறுத்தாமலே தூணோடு சாய்ந்திருந்து கேட்டார். நடுக்கதையில் அவர் கை நின்றுவிட்டது. முடிந்ததும் சொன்னார்: "எழுதினவர் கரையில நிண்டு பாத்தவர் இல்ல, தம்பி. தண்டு வலிச்ச கை." வ. அ. அவர்கள் தொழிலால் ஆசிரியர் என்று நான் சொன்னேன். முதியவர் சற்று யோசித்தார். "அப்ப தகப்பன் வலிச்சிருப்பார்" என்றார். சர்வகலாசாலையிலே நான் கேட்ட விமரிசனங்களுள் இதைப்போல என் மனத்திற் பதிந்தது வேறில்லை. எழுத்திற் பொய் இருந்தால் அது பேராசிரியரின் கண்ணுக்குத் தப்பலாம். கடலோடியவரின் காதுக்குத் தப்பாது.

அவர் எழும்பிப் போகும்போது கேட்ட கேள்விதான் இந்தப் பேச்சுக்கே காரணம். "மூதூருக்குக் கதை இருக்கு. எங்கட ஊருக்கு ஒண்டும் இல்லையோ?"

அன்றிரவே 'குச்சவெளி' என்று எழுதித் தேடினேன். சுனாமி அழிவைப்பற்றிய அறிக்கைகள் வந்தன. காணிப் பிணக்குகளைப்பற்றிய செய்திகள் வந்தன. கடற்கரை விடுதிகளின் விளம்பரங்கள் நிறைய வந்தன. அவற்றிலே நமது கடல் நமக்கே அடையாளம் தெரியாத நீல நிறத்தில் இருந்தது. நம் கல்வெட்டைப்பற்றிய குறிப்பும் வந்தது. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டலை இரண்டு மூன்று விதமாக மாற்றித் தேடினேன். கும்புறுபிட்டி, திரியாய், இறக்கக்கண்டி, புல்மோட்டை என்று அயலூர்ப் பெயர்களையும் தந்து பார்த்தேன். நம் கரையிலே பிறந்த மனிதர் எழுதிய, நம் கரையிலே நடக்கும் ஒரு கதை என் கண்ணுக்கு அகப்படவில்லை.

அப்படியானால் நம்மிடம் எழுதுவோர் இருக்கவில்லையா? திருகோணமலை மாவட்டத்தைப்பற்றி அப்படி யாரும் சொல்ல முடியாது. ஈழத்துத் தமிழ் நாவல் தோன்றிய நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1885ஆம் ஆண்டிற் சித்திலெவ்வை அவர்களின் 'அசன்பேயுடைய கதை' வந்தது. அதையடுத்து 1891ஆம் ஆண்டில் வந்த 'ஊசோன் பாலந்தை கதை' திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பி எழுதியது; ஐரோப்பியப் பழங்கதையொன்றின் தழுவல். 1895ஆம் ஆண்டிற் சென்னையில் அச்சேறிய 'மோகனாங்கி' என்ற சரித்திர நாவல் திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளை எழுதியது. முதல் மூன்றில் இரண்டு நம் மாவட்டத்தாருடையவை! பிற்காலத்தில் வ. அ. இருந்தார். நாவலும் சிறுகதையும் எழுதிய நா. பாலேஸ்வரி அம்மையார் இருந்தார். எழுதிய மாவட்டம் இது. ஆனால் நகரத்திலும் மூதூரிலும் எழுதப்பட்டவை அச்சாகின, தப்பின. நமது வடக்குக் கரைக் கிராமங்களில் எழுதப்பட்டவை பாடசாலைச் சஞ்சிகைகளிலும், கையெழுத்துப் பத்திரிகைகளிலும், கும்பாபிஷேக மலர்களிலும், இதைப்போன்ற மன்ற மலர்களிலுமே வந்திருக்கும். அவை நூறு பிரதி, இருநூறு பிரதி. 1985ஆம் ஆண்டிலே திரியாய் மக்கள் ஊரைவிட்டுப் போனார்கள். அதன் பின்னர் இக்கரையார் எத்தனை தடவை மூட்டை கட்டினோம் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஓடும்போது பிள்ளையைத் தூக்குவோமா, மலரைத் தூக்குவோமா? மிஞ்சியவற்றின்மீது 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் தேதி கடல் ஏறிற்று.

ஆகவே அந்த முதியவரின் கேள்விக்கு என் பதில் 'இல்லை' என்பதன்று. 'இருந்தது, சில இன்னும் இருக்கலாம், யாருடைய பெட்டியில் என்று தெரியாது' என்பதே.

இங்கே நந்தினி சேவியர் அவர்களை நினைக்க வேண்டும். மட்டுவிலிற் பிறந்து, நெடுங்காலம் திருகோணமலையில் வாழ்ந்து, 2021ஆம் ஆண்டில் மறைந்த சிறுகதை ஆசிரியர். 'அயற்கிராமத்தைச் சேர்ந்தவர்கள்', 'நெல்லிமரப் பள்ளிக்கூடம்' என்பன அவருடைய தொகுதிகள். அவர் தம் முதிய வயதிலே முகநூலில் ஒரு காரியம் செய்தார். தமக்குப் பிடித்த சிறுகதைகளை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்தி எழுதிவந்தார். அதிகம் பேசப்படாதவர்களின் கதைகளையும் 'இதை வாசியுங்கள்' என்று எடுத்துக்காட்டினார். எழுத்தாளர் ஒருவர் தம் புகழைப் பாடிக்கொள்ள வசதியான இடம் முகநூல். அவர் அதிற் பிறருடைய கதைகளைச் சொன்னார். தேடற் பொறியிடம் கேட்டாற் பெயர் தெரிந்ததைத்தான் தேடித் தரும். பெயரே கேள்விப்படாத கதையை வாசித்தவர் ஒருவர்தான் சொல்லித் தர முடியும். இணையம் எவ்வளவு பெருகினாலும் இந்த வேலை மனிதனுடையதே.

நண்பர்களே, இதற்கு மாறாக நாம் என்ன செய்கிறோம்? வட்ஸ்அப்பிலே கதைகள் வருகின்றன. நல்ல கதைகளும் வருகின்றன. ஆனால் எழுதியவர் பெயர் இருப்பதில்லை. பெயர் வெட்டப்பட்டிருக்கும், அல்லது 'படித்ததில் பிடித்தது' என்றிருக்கும், அதனிலும் மோசமாக, யாரோ ஒரு சாமானியர் எழுதியதற்குப் புகழ்பெற்ற ஒருவரின் பெயர் சூட்டப்பட்டிருக்கும். நமது துறையிலே ஒவ்வொரு தோணிக்கும் இலக்கம் உண்டு, பெயர் உண்டு. பெயரைச் சுரண்டி அழித்த தோணியொன்று கரையில் நின்றால் நாம் என்ன நினைப்போம்? திருட்டுத் தோணி என்றுதானே? கதைக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? கன்னியாஸ்திரியார் எங்களை எழுதச் சொன்ன மூன்று விஷயங்களும், அதாவது எழுதியவர், வெளிவந்த இடம், ஆண்டு ஆகியவை, இல்லாமல் ஒரு கதையையும் அனுப்புவதில்லை என்று எங்கள் வாசிப்புக் கூட்டத்தார் தீர்மானித்துள்ளோம். தெரியாவிட்டாற் 'தெரியவில்லை' என்று எழுதி அனுப்புகிறோம். யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும்.

பெயரோடு அனுமதியும் சேர்ந்தது. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் வாழும் காலமும், அவர் மறைந்தபின் 70 ஆண்டுகளும் உரிமை அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. வ. அ. அவர்கள் 2001ஆம் ஆண்டில் மறைந்தார். ஆகையால் அவருடைய எழுத்தின் உரிமை 2071 வரை செல்லும். நூல்களை ஏற்றுமுன் எழுதியவரையோ குடும்பத்தாரையோ கேட்க வேண்டும். கேட்டால் மறுப்பவர்கள் குறைவு என்பது என் சிறிய அனுபவம். தகப்பனார் எழுதியதை யாரோ தேடி வந்திருக்கிறார்கள் என்று கண்கலங்கியவர்களைக் கண்டிருக்கிறேன். ஒரு வீட்டிலே எனக்குப் பால்தேத்தண்ணி இரண்டு தரம் தந்தார்கள்.

இணையத்தில் ஏற்றிவிட்டால் எல்லாம் நிரந்தரம் என்றும் மயங்கவேண்டாம். தொடக்க காலத்திலே ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துருவிற் தட்டச்சுச் செய்தார்கள். நம் நாட்டில் 'பாமினி' பரவியிருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்பக்கம் திறந்தால், ஆங்கில எழுத்துகள் குழம்பிக் கிடப்பதுபோலத் தெரியும். யூனிகோட் முறை பரவிய பின்னரே இந்தத் தொல்லை குறைந்தது. மாற்றப்படாமற் கிடப்பவை இன்னும் உண்டு. பலர் இலவசமாகப் பக்கங்கள் வைத்திருந்த 'ஜியோசிற்றீஸ்' 2009ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அங்கே இருந்தவற்றைப் பிரதி எடுக்காதவர்கள் இழந்தார்கள். முகநூலும் வட்ஸ்அப்பும் பிறருடைய காணி. அங்கே நாம் கொட்டில் போட்டிருக்கிறோம், அவ்வளவே. எதை ஏற்றினாலும் ஒரு பிரதி நம் கையிலும், ஒரு பிரதி 'நூலகம்' போன்ற இடத்திலும், முடிந்தால் அச்சிலும் இருக்கவேண்டும்.

இன்னொரு நுட்பம். படம்பிடித்த பக்கம் வேறு, தட்டச்சுச் செய்த பக்கம் வேறு. படத்துக்குள் இருக்கும் சொல்லைத் தேடற் பொறி பெரும்பாலும் கண்டுபிடிக்காது. படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள்கள் இப்பொழுது தமிழுக்கும் உண்டு. புதிய அச்சை ஓரளவு நன்றாக வாசிக்கின்றன. ஆனால் 1978ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டிற் செய்யப்பட்ட எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய பழைய 'ணா', 'றா', 'னா', 'லை', 'னை' வடிவங்களும், தேய்ந்த ஈய எழுத்துகளும் வந்தால் அவை தடுமாறுகின்றன. அப்போது மனிதன் இருந்து திருத்தவேண்டும். பழைய எழுத்தை ஒரு பார்வையில் வாசிக்கக்கூடிய பெரியவர்களே, இங்கே உங்கள் கண் தேவை. தட்டச்சு எங்களுடையது; பிழை திருத்தம் உங்களுடையது. எங்களுக்கு 'சாவடிப்பாட்டு' எது, 'அம்பாப்பாட்டு' எது என்றுகூடத் தெரியாது. ஒரு சொல்லைக் கண்டு அச்சுப் பிழையென்று நாங்கள் திருத்திவிட்டால் அது பெரிய பாவமாய்ப் போகும்.

வீட்டிலே பழைய மலரோ சஞ்சிகையோ கொப்பியோ வைத்திருப்பவர்களுக்குச் சில சொல்கிறேன். பழைய மலிவான கடதாசி மரக்கூழினாற் செய்யப்பட்டது. அதிலுள்ள அமிலத்தால் தானாகவே பழுப்பேறி நொறுங்கும். நமது கடற்காற்று அதற்கு உதவி செய்கிறது. தைத்திருக்கும் கம்பி துருப்பிடித்துக் கடதாசியை அரிக்கும். கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் அது மஞ்சளாகி எழுத்தையும் கொண்டுபோய்விடும். வெயிலிற் காயவைக்காதீர்கள். படம் எடுப்பதாயின் விறாந்தையிலே பகல் வெளிச்சத்தில், ஒற்றையைச் சமமாக வைத்து, கைத்தொலைபேசியை நேர்மேலே பிடித்து எடுங்கள். மட்டையையும், அச்சகத்தின் பெயருள்ள பக்கத்தையும், விளம்பரங்களையும் விடவேண்டாம். 'விளம்பரம் எதற்கு?' என்று ஒரு தம்பி கேட்டார். 'இன்ன கடை, இன்ன சந்தி' என்ற அந்த இரண்டு வரியே சில வேளைகளில் இல்லாமற்போன ஒரு கடைத்தெருவின் ஒரே சாட்சி.

நம் மன்றத்தின் மலர்களே முழுமையாக மன்றத்தில் இல்லை. செயலாளர் அவர்களின் அலுமாரியில் இருப்பவை அண்மைக் காலத்தவை. பழையவை உங்கள் வீடுகளில் இருக்கலாம். கனடாவிலும் இலண்டனிலும் உள்ள உங்கள் பிள்ளைகளிடம் இருக்கலாம். அவர்கள் அங்கிருந்தே படமெடுத்து அனுப்பலாம்.

இன்று விழா முடியும்வரை மண்டபத்தின் வடக்கு வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். மூன்று தங்கைமார் அங்கே இருப்பார்கள். நீங்கள் கொண்டுவரும் எதையும் பதிவுப் புத்தகத்தில் எழுதி, படமெடுத்து, அன்றைக்கே திருப்பித் தருவார்கள். வீட்டுக்கு வரச் சொன்னால் வருவோம். விழாவுக்கு முன்னரே சிலர் தந்துவிட்டார்கள்: இரண்டு கும்பாபிஷேக மலர்கள், மட்டை இல்லாத ஒரு பாடசாலைச் சஞ்சிகை, ஒரு நாடகக் கையெழுத்துப் பிரதி. நேற்று மாலை ஓர் அம்மா, அரிசிப் பையிற் சுற்றிய ஒற்றைறூள் கொப்பி ஒன்றைத் தந்தார். உள்ளே நீல மையில் எழுதிய ஒரு சிறுகதை. உப்பளத்தில் வேலை செய்யும் இரண்டு சகோதரிகளைப்பற்றியது. வெளிக்குக் கொண்டுபோகாமல் இரவிலே இருந்து வாசித்தேன், நன்றாக எழுதியிருக்கிறார். எழுதியவர் பெயர் முதல் எழுத்துகளாக மட்டுமே இருக்கிறது. கடைசி ஒற்றை இல்லை. மூத்தவள் பஸ்ஸுக்காகச் சந்தியில் நிற்கிறாள், அதோடு நிற்கிறது.

கொப்பி இப்பொழுது அந்த மேசையில் இருக்கிறது. கையெழுத்தை யாருக்காவது அடையாளம் தெரிகிறதா என்று பார்த்துச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.